கடன் சொற்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சொற்களின் பிறப்பைப் பற்றி மேடைகளிலும் கைப்பேசிகளிலும் உலவும் கதைகள், மொழியியல் படிக்கும் மாணவர்களையே குழப்பிவிடுகின்றன. அவற்றுள் நான்கைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பிறமொழிச் சொல் கலந்தால் மொழி அழிந்துவிடும்.
உண்மை: பெற்றோர் அதைத் தம் பிள்ளைகளிடம் பேசாமல் விடும்போதுதான் பெரும்பாலும் ஒரு மொழி அழிகிறது. 41 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான உலகக் கடன்சொல் தரவுத்தளத்தில், கடன் வாங்காத மொழி ஒன்றுகூட இல்லை. அதில் ஆராயப்பட்ட ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெளியிலிருந்து வந்தவை.

நம்பிக்கை 2: சொந்தச் சொல் இல்லாதபோதுதான் கடன் வாங்குவோம்.
உண்மை: திறவுகோலும் பலகணியும் இருந்த தமிழில்தான் போர்ச்சுக்கீசியரின் சாவியும் ஜன்னலும் புகுந்தன. 'அவர்கள்' என்பதற்குரிய 'தே' என்ற சொல்லையே ஆங்கிலம் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளிடமிருந்து பெற்றது. வணிகம், குடியேற்றம், ஆட்சி, அன்றாடப் பழக்கம் எல்லாமே சொற்களைக் கொண்டுவரும்.

நம்பிக்கை 3: ஒலி ஒத்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்கும்.
உண்மை: ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்திலும் நாயின் பெயர் 'டாக்'தான். அதற்கும் ஆங்கிலத்துக்கும் தொடர்பில்லை. உறவு மொழியான யிடினியில் நாய் 'குடகா'. அத்தகைய பழைய வடிவம் முறையான ஒலிமாற்றங்களால் தேய்ந்தே 'டாக்' ஆனது. பல சொற்களில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதே சான்று. காதுக்கு ஒத்துப்போவது சான்றாகாது.

நம்பிக்கை 4: சொல்லாய்வு பேராசிரியர்களின் வேலை.
உண்மை: ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்தது. 1879இல் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் மர்ரே, நூல்களைப் படித்துச் சொற்கள் ஆளப்பட்ட வரிகளைச் சீட்டுகளில் எழுதி அனுப்பும்படி பொதுமக்களை வேண்டினார். ஏராளமானோர் ஊதியமின்றி எழுதி அனுப்பினார்கள். முதல் பதிப்பு 1928இல் நிறைவுற்றது. எந்தச் சொல் எப்போது ஆங்கிலத்துக்குள் வந்தது என்பதை இன்று நாம் அறிய அந்தச் சீட்டுகளே அடித்தளம்.

தமிழுக்கும் அப்படிப்பட்ட கைகள் தேவை. இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் எவரும் பங்களிக்கலாம். மாணவர்களே, உங்கள் ஊரில் வழங்கும் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் சொல்கிறார்கள், என்ன பொருளில், எந்தப் பழைய நூலில் இருக்கிறது என்று குறித்துவையுங்கள். சான்றில்லாத வேர்ச்சொல் விளக்கம் எவ்வளவு இனித்தாலும் அதைப் பகிராதீர்கள்.