கல்யாணப் பாதைக்குச் செண்டுமல்லி: முகூர்த்தம் பார்த்து நாற்று விடுங்கள்

திருமண வாசலில் குலை தள்ளிய வாழையும் மாவிலைத் தோரணமும் கட்டுவது நம் பழைய வழக்கம். இப்போது வாசலிலிருந்து மணமேடை வரை மணமக்கள் நடந்து செல்லும் பாதையின் இருபுறமும் பூச்சரம் தொங்க விடுகிறார்கள். இதற்குப் பெரிதும் பயன்படுவது செண்டுமல்லி. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில், கிணற்றில் ஓரளவு தண்ணீர் உள்ள சிறு விவசாயிக்கு இது ஏற்ற பயிர். ஆனால் முகூர்த்தம் இல்லாத நாளில் பூத்தால் பறிகூலிக்குக் கூடத் தேறாது.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். பாதை 15 மீட்டர் நீளம் என்றால் இருபுறமும் 30 மீட்டர். சரத்தை வளைத்துக் கட்ட அரைப் பங்கு கூடுதலாகச் சேர்த்தால் 45 மீட்டர். ஒரு பூ 4 சென்டிமீட்டர் இடம் பிடித்தால் மீட்டருக்கு 25 பூ வீதம் 1,125 பூக்கள். பூ ஒன்று 8 கிராம் என வைத்தால் 9 கிலோ. நன்கு பராமரித்தால் ஏக்கருக்கு சுமார் 7 டன் பூ கிடைக்கும். அதாவது 10 சென்டில் 700 கிலோ. இதை 20 பறிப்பாகப் பிரித்தால் பறிப்புக்கு 35 கிலோ. மூன்று நான்கு கல்யாணப் பாதைகளுக்குப் போதும். ஆகவே ஏக்கர் முழுவதும் ஒரே நாளில் நடுவது புத்திசாலித்தனம் ஆகாது. பத்துப் பத்து சென்டாக, 15 நாள் இடைவெளி விட்டு நடுவதே நல்லது.

விதைத்த 30 நாளில் நாற்று பிடுங்கலாம்; நட்ட 60 நாளில் பறிப்பு தொடங்கும். ஆக 90 நாள். தை முகூர்த்தத்திற்கு ஐப்பசித் தொடக்கத்திலும், வைகாசிக்கு மாசித் தொடக்கத்திலும், ஆவணிக்கு வைகாசித் தொடக்கத்திலும் விதைக்க வேண்டும்.

மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆடியிலும் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். திருத்தணிப் பக்கத்துக்கு இது முழுவதும் பொருந்தாது. ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு வரும் பக்தர்கள் மலர்க் காவடி எடுப்பது இவ்வூரின் சிறப்பு. அப்போது பூ எவ்வளவு வந்தாலும் வேண்டும். எல்லையோரத்தில் தெலுங்குக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறப்பதால், ஆடி அமாவாசைக்குப் பிறகு பெரும்பாலும் சிராவண முகூர்த்தங்கள் தொடங்கி விடும். அதிக மாதம் வரும் ஆண்டில் மட்டும் இது தள்ளிப் போகும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கொள்வது அவசியம். இந்த இரண்டையும் குறி வைத்துச் சித்திரைக் கடைசியில் ஒரு 10 சென்டுக்கு நாற்று விடுவது வீண் போகாது.

10 சென்டுக்கு 60 கிராம் விதை போதுமானது. கிலோவுக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். ஐப்பசி நாற்றுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. மழை கொட்டும் மாதம் அது. மேட்டுப்பாத்தி அமைத்து, ஓலைப் பந்தல் போட்டு, நீர் தேங்காமல் வடிகால் எடுக்க வேண்டும். நாற்று அழுகி மறுபடி விதைத்தால் தை முகூர்த்தத்தில் பாதி கைவிட்டுப் போகும்.

நிலத்தில் ஒரு டன் தொழுஉரம் இட்டு உழுது, 45-க்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். சுமார் 2,500 செடிகள் பிடிக்கும். அடியுரமாக யூரியா 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 22 கிலோ, பொட்டாஷ் 5 கிலோ இடவும். 45-ஆம் நாள் மேலுரமாக இன்னும் 4 கிலோ யூரியா. நட்ட 30-ஆம் நாள் நுனிக் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ கூடும். அதற்குப் பிறகு கிள்ளினால் பூப்பது தள்ளிப் போய்க் கணக்கு தவறிவிடும்.

பறிப்புக்கு முந்திய நாள் தண்ணீர் கட்டி, வெயிலுக்கு முன் பறித்து, நிழலில் பரப்பி ஈரச் சாக்கால் மூட வேண்டும். குவித்து வைத்தால் சூடேறி இதழ் கறுக்கும். பந்தல் அலங்காரம் செய்பவரிடம் நாற்று விடும்போதே பேசி அச்சாரம் வாங்கி விடுவது நலம்.

பூ வாங்க வருபவர் தென்னங்குருத்தும் கேட்பார். காய்க்கும் மரத்தில் கை வைக்க விடக் கூடாது. தென்னைக்கு வளரும் நுனி ஒன்றுதான். வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். வெட்டி அகற்ற இருக்கும் மரத்தில் எடுத்துக் கொள்ளச் சொல்லலாம். மாவிலையும் அப்படியே. இலையை மட்டும் கிள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கொப்பின் நுனியை ஒடித்தால், தையில் பூங்கொத்து வர வேண்டிய இடமே போய்விடும்.