நிற்கும் லோரியில் குளிர் குறைவது ஏன்?

விளைச்சல் மிகுந்த மாதங்களில், செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகள் ஆலையின் எடைமேடைக்கு முன்னே நெடுநேரம் வரிசையில் நிற்கின்றன. வரிசை சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருப்பதால், ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி நிழலில் அமரவும் இயலுவதில்லை. சாலையில் வரும்பொழுது நன்கு குளிர்ந்த காற்றை வீசிய குளிரூட்டி, அதாவது நாம் பேச்சில் ‘ஏர்கோன்’ என்று கூறும் சாதனம், லோரி நின்ற சிறிது நேரத்தில் வெதுவெதுப்பான காற்றையே தருகிறது. நண்பகல் வெயிலில் இதனை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. வெப்பத்தால் சோர்வும் தலைவலியும் கவனக் குறைவும் உண்டாகின்றன. அந்நிலையிலேயே அவர் மீண்டும் தோட்டத்துச் சாலையில் லோரியைச் செலுத்த வேண்டும்; அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் நடந்து வருகின்றனர்.

இக்குறை தோன்றியவுடன் பலரும் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று தாமே முடிவு செய்து, பட்டறைக்குச் சென்று கேஸ் ஏற்றிக்கொள்கின்றனர். ஆனால் ஓடும்பொழுது குளிர்ந்து, நிற்கும்பொழுது மட்டும் குளிர் குறையுமாயின், முதலில் ஐயுற வேண்டியது காற்றோட்டத்தையே. இதன் காரணத்தை அறிய, இச்சாதனம் இயங்கும் முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

குளிரூட்டி குளிரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஓட்டுநர் அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவே. இயந்திரத்தின் பெல்ட்டினால் சுழலும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. அந்தச் சூடான கேஸ், பெரும்பாலான லோரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும் கண்டென்சர் என்னும் தகட்டடுக்கில் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வழியே பீறிட்டு வெளிவந்து, அறைக்குள் இருக்கும் குழாய்களில் கொதித்து ஆவியாகும்பொழுது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இன்று பல வாகனங்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில், பூச்சியத்திற்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் இயல்புடையது.

கண்டென்சரின்மீது போதிய காற்று வீசாவிடில் வெப்பம் வெளியேற வழியில்லை. லோரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்பொழுது எதிர்க்காற்று தானாகவே வந்து மோதுகிறது. விசிறி பழுதுற்றிருந்தாலும் அக்குறை வெளியே தெரிவதில்லை. நின்றவுடன் விசிறி ஒன்றே துணை. இயந்திரமும் மெதுவாகச் சுழல்வதால் கம்ப்ரசரின் வேலையும் குறைகிறது. ஆகவே நிற்கும்பொழுது ஓரளவு குளிர் தணிவது இயல்பேயாகும். வெப்பக்காற்றே வருமளவுக்குத் தணிவதுதான் பழுதின் அடையாளம்.

காற்றோட்டமா, வேறு குறையா என்பதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. லோரியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குளிரூட்டியை இயங்க விடுக. குளிர் குறைந்த பின்னர், முன்புறக் கிராதியின் வழியாகக் கண்டென்சரின்மீது சிறிதளவு தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சுழலும் விசிறியின் அருகே கையோ துணியோ செல்லலாகாது. தண்ணீர் பட்ட ஓரிரு நிமிடங்களில் குளிர் திரும்புமாயின், வெப்பம் வெளியேறாமையே குறை என்று தெளியலாம். தண்ணீரால் பயனில்லை, ஆனால் இயந்திரத்தின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் குளிர்கிறது என்றால், பெல்ட் வழுக்குகிறதா, கம்ப்ரசர் தேய்ந்துள்ளதா, கேஸ் குறைந்துள்ளதா என்று ஆராய வேண்டும். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. ஏனெனில் இயந்திரத்தோடு இணைந்த விசிறியுள்ள லோரிகளில் கம்ப்ரசரும் விசிறியும் ஒருங்கே வேகம் பெறுகின்றன. எதனால் பயன் விளைந்தது என்பது அப்பொழுது விளங்காது.

தோட்ட லோரிகளில் காற்றோட்டம் தடைப்படுவதற்குப் பெருங்காரணம் அழுக்கே. செம்மண் புழுதி, செம்பனை நார், பூச்சிகள், எண்ணெய்ப் பசை ஆகியவை கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கின்றன. முன்புறம் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நார் மெத்தைபோல் படிந்திருக்கக் கூடும். இயந்திரம் ஆறிய பின்னர், இயன்றால் உட்புறமிருந்து வெளிப்புறமாக, மெல்லிய நீரோட்டத்தால் கழுவுதல் நலம். வண்டி கழுவும் வேகமான நீர்ப்பீற்றை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கிப் புதிய தடை உண்டாகும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது விசிறி. பல டீசல் லோரிகளில், விசிறியின் நடுவே உள்ள கிளட்ச்சில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. சூடேறும்பொழுது அது விசிறியை இறுகப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிப்புத் தளர்ந்து விசிறி சோம்பலாகச் சுற்றும். இயந்திரம் சூடாக இருக்கையில் அதனை நிறுத்தி, சாவியையும் எடுத்த பின்னர், விசிறியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையின்றிப் பல சுற்றுகள் சுழன்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். வரிசையில் நிற்கும்பொழுது இயந்திரத்தின் வெப்பமானியும் ஏறுமாயின் இவ்வையம் வலுப்பெறும்; அப்பொழுது குளிரூட்டி மட்டுமன்றி இயந்திரமே ஆபத்தில் உள்ளது. மின்விசிறி பொருத்தப்பட்ட வாகனமாயின் பியூசையும் மின்னிணைப்புகளையும் பார்த்தல் வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு உடைந்தால் பலர் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அது அலங்காரப் பொருளன்று. காற்றைத் தகடுகளின் வழியே இழுக்கச் செய்வது அதுவே.

இனிக் கேஸைப் பற்றி. அது டீசலைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறையில் புழுதி ஒட்டியிருப்பது அதன் அறிகுறி. கண்டென்சர் அடைபட்டிருக்கும் நிலையில் மேலும் கேஸ் ஏற்றினால் குழாய்களில் அழுத்தம் மிகுந்து கம்ப்ரசர் கெடும். சொந்த லோரி வைத்து ஒப்பந்தத்திற்குக் குலை ஏற்றுவோருக்கு, கேஸுக்குக் கொடுத்த பணத்தோடு புதிய கம்ப்ரசரின் விலையும் சேரும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது வாகனத்திலுள்ள சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பட்டறையில் கசிவை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை முழுதும் இழுத்து அகற்றி, அந்த அளவை நிறுத்து ஏற்றுமாறு கேளுங்கள். இணைப்பை நாமே கழற்றுதல் கூடாது; பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்துவிடும். ஆர்-134ஏ வானில் கலந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கவல்லது என்பதும் அறியத்தக்கது.

பழுது நீங்கும் வரையிலும், வரிசையில் நிற்கையில் வெளிக்காற்றை அடைத்து உட்காற்றையே சுழலவிடும் விசையைப் பயன்படுத்தினால், இயந்திரத்தின் அனல் உள்ளே வருவது குறையும். எனினும் அறைக்குள் புகை நாற்றம் சிறிதேனும் வந்தால் உடனே கண்ணாடிகளைத் திறந்துவிடல் வேண்டும். புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நாற்றம் இல்லை. ஆகவே நாற்றம் இல்லை என்பதை மட்டும் நம்பி, கொட்டகைக்குள்ளோ சுவரோரத்திலோ லோரியை நிறுத்தி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க உள்ளே உறங்குதல் கூடாது. நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருப்பின், முறை வரும்பொழுது அழைக்குமாறு எடைமேடை எழுத்தரிடம் கூறிவிட்டு, இயந்திரத்தை அணைத்து நிழலில் இருந்து தண்ணீர் பருகலாம்.