டிப்ஸ் ஓர் அளவுகோல் ஆகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

உணவு விடுதியில் உண்டு முடித்ததும் பில் தட்டில் சிறு தொகையை விட்டு வருவது நம்மில் பலருக்கும் பழக்கம். இதனை இன்று 'டிப்ஸ்' என்கிறோம். 'இனாம்' என்பது பழைய பெயர். நன்கு பரிமாறியவருக்கு மிகுதியாகவும், அக்கறையின்றிப் பரிமாறியவருக்குக் குறைவாகவும் கொடுக்க வேண்டும் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். அப்படியானால் டிப்ஸ் என்பது சேவையின் தரத்தை அளக்கும் ஒரு கருவி. ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் அதன் சுழிப்பிழையை அல்லவா முதலில் பார்க்கிறோம்? இக்கருவியையும் அவ்வாறே சோதித்துப் பார்ப்போம்.

கருவி சரியாகக் காட்டுகிறதா?

டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் மிகவும் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே மேசைக்கு வந்து பரிமாறும் விடுதிகளில் பில் தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை கொடுப்பது எழுதாச் சட்டம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லின் என்பவர் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2000 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உண்டவர்கள் சேவைக்கு அளித்த மதிப்பிற்கும், அவர்கள் கொடுத்த டிப்ஸுக்கும் இடையே சராசரி ஒட்டுறவுக் கெழு 0.11 மட்டுமே என்று அதில் கண்டனர்.

இந்த எண்ணின் பொருள் என்ன? முழுத் தொடர்பு இருந்தால் கெழு 1. தொடர்பே இல்லையெனில் 0. 0.11 ஐ இருமடியாக்கினால் 0.0121. அதாவது, டிப்ஸில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் சேவையின் தரத்தோடு தொடர்புடையது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான். 1996 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. பில்லின் பின்புறம் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்தபோது, பெண் பரிமாறுநருக்கு டிப்ஸ் உயர்ந்தது, ஆணுக்கு உயரவில்லை! சேவையை மட்டும் அளக்கும் கருவி இப்படியா காட்டும்?

கூலிக்கு ஈடாகுமா?

பிழையுள்ள இக்கருவியை நம்பித்தான் அந்நாட்டில் கூலியே அமைந்துள்ளது. 1938 இல் இயற்றப்பட்ட கூலிச் சட்டத்தில் 1966 இல் திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி டிப்ஸின் ஒரு பகுதியை முதலாளி கூலிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2009 முதல் மணிக்கு 7.25 டாலர் என்பது மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி. ஆனால் டிப்ஸ் பெறுவோருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. இத்தொகை 1991 முதல் உயரவில்லை. எஞ்சியதை டிப்ஸ் ஈடுசெய்யாவிட்டால்தான் முதலாளி தர வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் இதை ஏற்காமல் முழுக்கூலி கேட்கின்றன.

நம் நாட்டு நிலை

டிப்ஸ் சம்பளம் ஆகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2016 இல் ஒரு வருமான வரி வழக்கில் கூறியது. பில்லோடு தாமாகவே 'சேவைக் கட்டணம்' சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வகுத்தது; டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது.

என் தந்தையார் ஓர் உணவு விடுதியில் சர்வராகப் பணிபுரிகிறார். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். என் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் டிப்ஸிலிருந்தே வந்தது. "முகூர்த்த நாளில் காலொடிய ஓடுவேன், ஒருத்தரும் வைக்க மாட்டார்கள். சும்மா இருக்கிற நாளில் ஒருவர் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போவார். இதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமே இல்லை" என்பார் அவர். கெழு, இருமடி என்ற பேச்சில்லாமல் லின் கண்ட முடிவையே அவரும் கண்டிருக்கிறார். கைப்பேசியில் பணம் செலுத்தும் வழக்கம் வந்தபின் தட்டில் விழும் சில்லறையும் குறைந்துவிட்டதாம்.

நாம் செய்யக்கூடியது

டிப்ஸே கூடாது என்பது என் கருத்தன்று. தருபவர் சிந்தித்துத் தர வேண்டும். தோசை தாமதமானால் அது பெரும்பாலும் சமையற்கட்டின் தாமதம். சாம்பாரில் உப்புக் கூடினால் அது சமைத்தவரின் தவறு. இவற்றைக் கல்லாவில் சொல்லலாம். பரிமாறியவரின் டிப்ஸில் கழிப்பது முறையன்று. கேட்டதை மறவாமல் கொணர்தல், மேசையைத் தூய்மையாக வைத்தல், முதியோரிடமும் குழந்தைகளிடமும் பொறுமை காட்டுதல் ஆகியவையே அவர் கையில் உள்ளவை. அவற்றைப் பார்த்துக் கொடுக்கலாம். இலை எடுப்பவரும் பாத்திரம் துலக்குபவரும் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களுக்கும் பங்கு போய்ச் சேர்கிறதா என்று கேட்கலாம். பிரிட்டனில் 2023 இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸ் முழுவதையும் பிடித்தமின்றித் தொழிலாளர்களுக்கு நேர்மையாகப் பகிர்ந்தளிக்கச் சொல்கிறது. அத்தகைய ஏற்பாடு நமக்கும் தேவை.

முடிவுரை

உழைப்பை அளக்க வேண்டியது கூலி. நன்றியைக் காட்ட வேண்டியது டிப்ஸ். முன்னதைத் தருவது முதலாளியின் கடமை. பின்னதைத் தருவது உண்டவரின் விருப்பம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் தொழிலாளியின் வீட்டு அடுப்பு அடுத்தவரின் மனநிலையை நம்பி எரிய வேண்டியதாகும். நாளை நம்முள் சிலர் அதிகாரிகளாகலாம். சிலர் தொழில் நடத்தலாம். அப்போது முதலில் நிறைவான கூலி தருவோம். அதன்பின் மனமுவந்து டிப்ஸும் தருவோம்.