ஆங்கில நாவல் வசனத்தைப் பிரிக்க வீட்டுக் குறிப்புகள்

ஆங்கில இலக்கியப் பாடம் எடுக்கும் பிள்ளை நீண்ட வசனத்தைக் கண்டதும் மலைத்துப்போகும். அதற்குத் தெரிந்த தமிழ் இலக்கணமே கைகொடுக்கும்.

1. முதலில் முற்றுவினையைத் தேடச் சொல்லுங்கள். தமிழில் அது பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வரும். ஒரே வசனத்தில் மூன்று, நான்குகூட வரும். பென்சிலால் கோடு போடட்டும். முற்று உள்ள சொற்கூட்டம் கிளோஸ் (clause). இல்லாத சொற்கூட்டம் பிறேஸ் (phrase).

2. 'இங்' என்று முடிவதெல்லாம் முற்று அல்ல. 'இஸ்', 'வோஸ்' போன்றவை துணைக்கு வராவிட்டால் அது பெரும்பாலும் நம்முடைய 'சிரித்தபடி' போன்ற எச்சம்தான்.

3. 'ஹூ', 'விச்' வந்தால் பெயரெச்சத்தை நினையுங்கள். 'நேற்று வந்த மாமா' என்கிறோம். 'த அங்கிள் ஹூ கேம் யெஸ்டர்டே' என்பதில் மாமா முதலில் வந்துவிடுகிறார், வந்த செய்தி பின்னால் வருகிறது. அந்தப் பின்பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தால் வசனத்தின் எலும்புக்கூடு தெரியும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு கிழமை இதற்கே ஒதுக்கலாம்.

4. தொடங்குவதற்கு லெனாட் வுல்ஃப் நல்லவர். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர். பின்பு அம்பாந்தோட்டையில் இருந்தார். அந்தக் காட்டுப்புற வாழ்வை வைத்து எழுதிய நாவல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்', 1913இல் வெளிவந்தது. தலைப்பையே பிரித்துப் பாருங்கள். வினையே இல்லை, முழுவதும் பிறேஸ். 'வில்லேஜ்' தலைச்சொல், 'இன் த ஜங்கிள்' அதைத் தழுவி நிற்கிறது. தமிழில் 'காட்டில் கிராமம்' என்றால் குறையாக நிற்கும். 'காட்டில் உள்ள கிராமம்' என்று ஒரு பெயரெச்சம் வேண்டியிருக்கிறது. 'இல்' பெயருக்குப் பின்னே, 'இன்' பெயருக்கு முன்னே என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

5. டிக்கன்ஸ் பிறகு வரட்டும். அவருடைய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860-61இல் கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதை. நாளுக்கு ஒரு வசனம் கொப்பியில் எழுதிப் பிரித்தால் போதும்.

6. நாவலுக்குப் பக்கத்தில் ஆறுமுக நாவலரின் 'இலக்கணச் சுருக்கம்' இருக்கட்டும். பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆங்கிலம் படித்து, அவரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். எச்சமும் முற்றும் அந்த நூலில் தெளிவாக இருக்கின்றன.

இன்று பின்னேரமே ஒரு வசனத்தை எடுத்து, பிள்ளையோடு கூட இருந்து கோடு போட்டுப் பாருங்கள்.