ஆட்டோ கேட் நின்றுவிட்டால்: எதை நாமே செய்வது, எதற்கு ஆள் அழைப்பது?

பினாங்கில் கிரீன் லேன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் முதலிய பகுதிகளின் வரிசை வீடுகளுக்கு முன்னே நிற்கும் தானியங்கி வாயிற்கதவு, அதாவது நாம் ஆட்டோ கேட் என்று வழங்கும் சாதனம், ஒழுங்காக இயங்கும்வரை எவருடைய கவனத்திற்கும் வருவதில்லை. அக்டோபர் மாதத்து அடைமழையில், ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் அசையாமல் அது நின்றுவிடும்போதுதான், நாமே பழுது பார்ப்பதா, தொழில் தெரிந்தவரை அழைப்பதா, மோட்டாரையே மாற்றிவிடுவதா என்ற கேள்வி எழுகிறது. பலர் இதனைச் செலவை மட்டும் எண்ணித் தீர்மானிக்கிறார்கள். பழுது எவ்விடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே தீர்மானிப்பது உசிதம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதைக் கண்டறிவதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஓடுகதவாயின் தண்டவாளத்தின் இரு முனைகளிலும் தடுப்புக்கட்டை உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, மோட்டாரோடு வந்த சாவியால் அதன் பிடியை விடுவித்து, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் தள்ளும்போதே சிரமமின்றி நகர்ந்தால் பழுது யந்திரத்தில் அல்லது மின்சாரத்தில் இருக்கிறது. இரு கைகளாலும் முக்கித் தள்ள வேண்டியிருந்தால், பாவம், மோட்டார் நெடுநாளாகத் தன் சக்திக்கு மீறிய பாரத்தை இழுத்து வந்திருக்கிறது. தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று கீல்களையும் சக்கரத்துப் பேரிங்குகளையும் அரித்துவிடுவதால், இவ்வகைப் பழுது அங்கே மிகவும் சகஜம். கிரீஸ் இடுவதும், தண்டவாளத்துக் கல்லையும் மண்ணையும் அகற்றுவதும் எவரும் செய்யக்கூடியவை. சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும், கனத்த கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாதலால், ஆள் பலம் தேவை.

கதவு லகுவாக நகர்ந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது பாட்டரி. மின்வெட்டிலும் கதவைத் திறப்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி நமது உஷ்ணத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. முழுதாக மின்னேறிய நிலையில் மீட்டர் சுமார் 12.7 வோல்ட் காட்ட வேண்டும்; கதவு நகரத் தொடங்கியதும் அளவு சரிந்து, கதவு பாதி வழியில் நின்றுவிடுமானால், பாட்டரியை மாற்றுவதே வழி. மின்சாரத்தை அணைத்தபின், சிவப்பும் கறுப்பும் இடம் மாறாமல் இணைக்கும் ஜாக்கிரதை போதும். மாற்றி இணைத்தால் பெட்டியிலுள்ள மின்சுற்றுப் போர்டு கருகிவிடும். ரிமோட்டின் சிறு பாட்டரியும், எதிரெதிராக நிற்கும் சென்சார் கண்களில் படிந்த தூசியும், பெட்டிக்குள் குடியேறிய எறும்பும் பல்லியும் ஆட்களை வரவழைத்த வீடுகள் இவ்வூரில் ஏராளம்.

இனி நாம் கைவைக்கலாகாத இடங்களைச் சொல்ல வேண்டும். உலகில் மின்னல் மிகுந்த தேசங்களுள் மலேசியாவும் ஒன்று. மின்னல் தாக்கிக் கருகிய போர்டும், பெட்டிக்குள் வந்து சேரும் 230 வோல்ட் இணைப்பும், எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனுக்கு உரியவை. லெபோ பாசார் கடைகளில் காணும் சுருள் ஷட்டரோ இன்னும் அபாயகரமானது: அதன் தண்டில் முறுக்கி அடைக்கப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் விரலோடு போகாமல் உயிரையே கொண்டுபோகக் கூடியது. எவ்வளவு கைத்திறமை உள்ளவரும் அதனைத் தொடவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அங்கீகரித்த பாரம்பரிய வட்டாரத்துக்குள் கடை இருந்தால், முகப்புக் கதவை மாற்றுமுன் மாநகர் மன்றத்தின் அனுமதியையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரையே மாற்றுவது, அதன் பற்சக்கரம் தேய்ந்து, உதிரிப்பாகமும் கிடைக்காத நிலையில்தான் நியாயம். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழம்பொருள் தேடுவதில் எனக்கும் பிரியம் உண்டு. ஆயினும் கதவு மோட்டாரை அவ்விதம் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். புதிதாக வாங்குவோர் கதவின் எடையைச் சொல்லிக் கேட்பதோடு ரிமோட்டையும் கவனிக்க வேண்டும். எட்டுச் சிறு சுவிட்சுகளை மூன்று நிலைகளில் அமைக்கும் பழைய 330 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் மொத்தம் 6,561 குறியீடுகளே உண்டு. அதனைப் பிரதி எடுப்பதும் சுலபம். ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் ரோலிங் கோட் வகை, சற்று விலை கூடினாலும், வீட்டின் பாதுகாப்புக்கு உகந்தது. பொருத்தியவர் விடைபெறுமுன், அவர் முன்னிலையிலேயே நகரும் கதவின் பாதையில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, அதை நசுக்காமல் கதவு நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிற்காவிட்டால் விசையைக் குறைக்கச் சொல்லி, மறுபடியும் சோதித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.