கப்பலில் புகைப்பவர்களுக்கு

சொகுசுக் கப்பலின் பால்கனியில் நின்றால் எதிரே கடல், மேலே வானம், புகையை அள்ளிக்கொண்டு போகக் காற்று. ஒரு சிகரெட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் தோன்றும். கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கேதான் தடை போட்டிருக்கின்றன.

செய்யக்கூடாதவை

• பால்கனியில் பற்றவைக்காதீர்கள். 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில், பின்னிரவில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் தடுப்புகள் வழியே தளம் விட்டுத் தளம் தாவியது. ஒரு பயணி இறந்தார். 79 அறைகள் உதவாமல் போயின. அணையாத சிகரெட் துண்டு காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. பால்கனியில் என்ன பொருள்கள் இருக்கலாம் என்பதற்கான சர்வதேச விதிகளே 2008-இல் மாறின.

• துண்டைக் கடலில் வீசாதீர்கள். கப்பல் ஓடும் வேகத்தில் காற்று அதைக் கீழ்த்தளத்துப் பால்கனிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அங்கே யாராவது நீச்சலுடையைக் காயப்போட்டிருப்பார்கள். தண்ணீரில் விழுந்தாலும் தப்புத்தான்: ஃபில்டர் ஒருவகைப் பிளாஸ்டிக். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போட, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கை இடம் தருவதில்லை.

• 'இது புகையில்லை, வெறும் ஆவி' என்று அறைக்குள் இ-சிகரெட் இழுக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கார்னிவல் கப்பல்களில் அறையிலோ பால்கனியிலோ பிடிபட்டால் 500 டாலர் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

• கஞ்சா வேண்டாம். கப்பலேறும் ஊரில் அது சட்டப்படி செல்லுபடியானாலும் கப்பலில் செல்லாது.

செய்ய வேண்டியவை

• முன்பதிவுக்கு முன்பே கப்பலின் தள வரைபடத்தில் புகைக்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் திறந்த தளத்தின் ஒரு பக்கம். சில கப்பல்களில் சூதாட்டக் கூடத்தில் ஒரு பகுதி. புகைக்காதவர்களும் பார்ப்பது நல்லது, அதற்கு நேர் மேலே அறை எடுத்துவிடாமல் இருக்க.

• கப்பல் விட்டாலும் துறைமுகம் விடுமா என்று பாருங்கள். சென்னையிலிருந்து விமானத்தில் போய்ச் சிங்கப்பூரில் கப்பலேறும் நம்மவர்களுக்கு இது முக்கியம். அங்கே 2018 முதல் இ-சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலும் 2019-இலிருந்து அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை.

• சாதாரண சிகரெட்டுக்கும் சிங்கப்பூரில் வரிவிலக்கு கிடையாது. ஒரே பாக்கெட்டானாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்டுங்கள். கப்பல் கடையில் மலிவாக வாங்கியதும் இதில் சேர்த்திதான்.