தீவைக் காத்த கதை

சுமத்ராவின் மேற்கே, இந்தியப் பெருங்கடலில் சிமெயுலுவே என்னும் தீவு உளது. 1907ஆம் ஆண்டு அங்கு நிலம் அதிர்ந்தது; கடல் உள்வாங்கியது. வறண்ட கரையில் துள்ளிய மீன்களைப் பொறுக்கச் சென்றோரைத் திரும்பி வந்த பேரலை வாரிச் சென்றது என்பர்.

உயிர் பிழைத்தோர் அத்துயரைக் கதையாக்கினர். ‘ஸ்மோங்’ என்பது அவர்தம் மொழியில் ஆழிப்பேரலையைக் குறிக்கும் சொல். நிலம் வலிதாய் நடுங்கிக் கடல் பின்வாங்குமாயின், பொருளைக் கருதாது குன்றை நோக்கி ஓடவேண்டும் என்பதே அக்கதையின் கரு. பாட்டன்மார் பெயரர்க்கு இதனைச் சொல்லிச் சொல்லி வளர்த்தனர்.

97 ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று காலை நிலம் மீண்டும் நடுங்கியது. எச்சரிக்கும் கருவி யாதும் அங்கு இல்லை. ஆயினும் ‘ஸ்மோங்! ஸ்மோங்!’ என்னும் குரல் ஊர்தோறும் எழுந்தது. முதியோரைத் தாங்கியும் குழவியரை அணைத்தும் மக்கள் குன்றேறினர். சில நிமிடங்களில் அலை வந்தது; வீடுகள் பல அழிந்தன. எனினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் 7 பேரே. சுமத்ராவின் அச்சே மாநிலத்திலோ ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர்.

‘நண்டோங்’ என்னும் அத்தீவின் பாடலிலும் இன்று அவ்வெச்சரிக்கை ஒலிக்கின்றது. முன்னோர் பட்ட துன்பம் பின்னோர்க்குக் காவலாயிற்று. அதனைச் சுமந்து வந்தது ஒரு சிறு கதையே.